கொடி சுற்றிய பிள்ளையும் கண்ணை மூடிய மாமனும்

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கதை மனிதர்களிடமிருந்து வரவில்லை. தொப்புள்கொடியின் குறுக்குவெட்டுப் படம் ஒன்றிலிருந்து வந்தது. நுங்கு மாதிரி வழுவழுப்புக்குள் மூன்று குழாய்கள். ஒன்று பிள்ளைக்கு நல்ல ரத்தம் கொண்டுபோகிறது. இரண்டு திருப்பிக் கொண்டுவருகின்றன. அவை நசுங்காதிருக்கத்தான் அந்த வழுவழுப்பு. எவ்வளவு கரிசனமான ஏற்பாடு! அது தோற்கும் இடத்தில் யார் இருப்பார்கள் என்று யோசித்தேன்.

2

‘1957, கீரமங்கலத்துக்குக் கிழக்கே வானம் மெல்ல…’

(வானத்துக்கு இங்கே வேலையில்லை.)

செவந்திக்குத் தலைப்பிரசவம், தாய்வீட்டில். மத்தியானம். அண்ணன் சிவசாமி சர்க்கார் நர்சு நூர்நிஷாவை மாட்டுவண்டியில் கூட்டிவந்துவிட்டு வாசலில் நிற்கிறான். உள்ளே அம்மா செங்கமலம் மகளை முதுகோடு தாங்கிப் பிடித்திருக்கிறாள்.

பிள்ளையின் தலை வந்தது. கழுத்தில் கொடி, இரண்டு சுற்று.

தளர்வாக இருந்தால் மாலையைப் போலத் தலைவழியே கழற்றிவிடலாம். இது இறுகியிருந்தது. அப்போது இரண்டு இடத்தில் கட்டி நடுவில் வெட்ட வேண்டும். ஒரு கட்டு மட்டும் போட்டால் கட்டாத நுனியில் ரத்தம் போகும். வெட்டியபின் அம்மா தருவது நின்றுவிடும். பிள்ளை தானே மூச்சு விட்டாக வேண்டும்.

நூர்நிஷா வெட்டினார். பிள்ளை வெளியே வந்தது. அழவில்லை.

3

“கொடி சுத்திப் பொறந்துருக்குடா! அங்கிட்டே நில்லு!” என்று செங்கமலம் கத்தினாள்.*

செவந்திக்கு ரத்தம் நிற்கவில்லை. நூர்நிஷாவின் இரண்டு கையும் அதை நிறுத்த அவள் வயிற்றை அமுக்கிக்கொண்டிருந்தன.

“அண்ணே, உள்ள வாங்க. பிள்ளையத் தொடச்சு முதுகத் தேய்ங்க.”

“எண்ணெயில ஒருதரம் பாத்துட்டு வாரேன் நர்சம்மா.”

“நீங்க கிண்ணம் தேடுற வரைக்கும் இது மூச்சுக்குக் காத்துக்கிட்டு இருக்குமா? வர்ற வழியில வண்டிய வாய்க்கால்ல எறக்குனீங்களே, அதுல வராத கண்டம் இந்தத் துளியூண்டாலயா வரப்போகுது?”

* கொடி சுற்றிய பிள்ளையைத் தாய்மாமன் நேரே பார்த்தால் அவன் உயிருக்கு ஆகாது என்பார்கள். முதலில் கிண்ணத்து நல்லெண்ணெயில் அதன் நிழலைத்தான் பார்க்க வேண்டும்.

4

முந்தைய வரைவில் சிவசாமி பாய்ந்து உள்ளே வந்தான். பொய். அது அவனல்ல, நான் விரும்பிய ஆள். அவனுக்கும் வீட்டில் இரண்டு பிள்ளைகள். பயம் இருக்காதா?

முதுகைக் காட்டிப் பின்னோக்கி நடந்து வந்தான். வாசல் நிலையில் தலை இடித்தது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்து, தடவித் தடவிப் பிள்ளையை எடுத்தான். தோள்துண்டால் துடைத்தான். முதுகைத் தேய்த்தான்.

“மெதுவாவா?”

“நல்லாத் தேய்ங்க. மாட்டுக்குத் தேய்ப்பீங்கள்ல, அதுல பாதி.”

வலியோடு வலியாகச் செவந்தி, “அண்ணே… பாருண்ணே…” என்றாள்.

நூர்நிஷாவால் திரும்ப முடியவில்லை. “கையி காலு நீலமா இருந்தாப் பரவாயில்ல. நெஞ்சு? நீலமா, செவப்பா? அதப் பாத்துச் சொல்லுங்க.”

தடவிப் பார்த்து நிறம் சொல்ல முடியாது. எண்ணெயில் எல்லாமே மஞ்சள்.

சிவசாமி கண்ணைத் திறந்தான்.

5

‘செவப்பு’ என்று எழுதினேன். சுலபமாக வந்துவிட்டது, அடித்தேன். மற்றதை எழுதக் கை வர…

கண்ணைத் திறந்தவன் அவன். பயத்தை விட்டவன் அவன். பதிலை மட்டும் நான் எப்படிச் சொல்வது? நீங்கள் அவன் தோளுக்குப் பின்னால்தான் நிற்கிறீர்கள். குனிந்து பாருங்கள். நர்சம்மா கேட்டுக்கொண்டிருக்கிறார்.