வண்டி வாய் திறக்கும் வரை

தந்தி வந்தபோது செய்யது அலி ஒரு குடையின் வயிற்றுக்குள் தலையை விட்டிருந்தார். கோவில்பட்டி பஜாரில் குடைக்கும் பூட்டுக்கும் வைத்தியம் பார்க்கிற கடை அவருடையது. தந்தியை அனுப்பியவர் மெட்ராஸிலிருக்கும் மருமகன். ஜரினாவுக்கு வலி கண்டுவிட்டது, ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று, உடனே புறப்படவும் என்றிருந்தது.

ஜரினா ஒரே மகள். இது தலைப்பிரசவம். அடுத்த வாரம்தான் என்று நம்பி அன்று ராத்திரி எக்ஸ்பிரஸில் இரண்டு டிக்கெட் முன்னமே எடுத்து வைத்திருந்தார்கள். இப்போது அந்த வண்டிக்குக் காத்திருந்தால் நாளை மத்தியானம்தான் மெட்ராஸ். நாலு மணி பஸ்ஸைப் பிடித்தால் மதுரையில் சாயங்கால ரயில் கிடைக்கும், விடியும்போது மகள் பக்கத்தில் நிற்கலாம். கண்டக்டர் சுடலைக்கண்ணு இரண்டு சீட்டில் துண்டு போட்டு வைப்பதாகச் சொல்லிவிட்டான். பஸ்ஸில் முன்பதிவு என்றால் அந்தத் துண்டுதான். அதற்குக் கட்டணமும் இல்லை, ரத்துக் கழிவும் இல்லை.

ரயில் டிக்கெட்டுக்குக் கழிவு உண்டு. அங்கேதான் சிக்கல். பணம் முழுவதும் திரும்பி வந்தால், கையில் இருப்பதோடு சேர்த்து இருவரும் போகலாம். பிடித்தம் போக வந்தால் ஒருவருக்குத்தான் கட்டும். கடன் கேட்க அலைந்தால் பஸ் போய்விடும். செய்யது அலி வழியெல்லாம் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்து, மனைவி தௌலத்தை மட்டும் அனுப்புவது என்று முடிவு செய்திருந்தார். அவளிடம் சொல்லவில்லை. தெரிந்தால் அவளும் போகமாட்டாள்.

ஸ்டேஷன் புக்கிங் ஜன்னலுக்கு உள்ளே வேணுகோபால் இருந்தார். ஊரில் அவருக்குக் கூட்ஸ் வேணுகோபால் என்று பெயர். டிக்கெட் அலமாரியில் ஊருக்கு ஒரு குழாய் உண்டு. கெட்டி அட்டை டிக்கெட்டுகள் அதில் எண் வரிசையில் அடுக்கியிருக்கும். ஒன்றை உருவினால் அடுத்தது தானே கீழிறங்கி நிற்கும். உருவிய அட்டையைத் தேதி அச்சில் கொடுத்து ஒரு தட்டு, வேலை முடிந்தது. இவ்வளவு விரைவான ஏற்பாட்டையும் ஒரு வெற்றிலை போடும் நேரத்துக்கு இழுக்க வேணுகோபாலால் முடியும்.

"அண்ணாச்சி, ரெண்டு டிக்கெட்டையும் ரத்து பண்ணணும். புள்ளைக்கு வலி கண்டுட்டு. நாலு மணி பஸ்ஸுக்குப் போறோம்."

வேணுகோபால் கையை நீட்டவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வாங்க அலி பாய். புள்ளைக்கு இது எத்தனாவது?"

"முதலாவது. துட்டக் குடுங்க, நாங்க போவணும்."

"குடுக்கத்தான இருக்கேன். ஆனா ஒண்ணு கேட்டுக்கிடுங்க. நீங்க வண்டிய வேண்டாம்னா கழிவு உண்டு. வண்டி உங்கள வேண்டாம்னா கழிவு கிடையாது. முழுசும் உங்க காசு."

"வண்டி எப்படி வேண்டாம்னு சொல்லும்? அதுக்கு வாயா இருக்கு?"

வேணுகோபால் அடுத்த அறைப் பக்கம் காதைச் சாய்த்தார்.

உண்மையில் வண்டிக்கு ஒரு வாய் இருந்தது. அது அடுத்த அறையில் இருந்த தந்திக் கருவி. ஒரு பித்தளைத் துண்டு மேலும் கீழும் அடித்துக்கொள்கிற ஓசை, அவ்வளவுதான். தட்டுக்கும் தட்டுக்கும் நடுவே இடைவெளி நீளமா குறுக்கமா என்பதை வைத்து எழுத்து பிரிக்க வேண்டும். பக்கத்து ஸ்டேஷன்கள் தமக்குள் பேசிக்கொள்வதும் அதே கம்பி வழியே இங்கும் தட்டும். பல வருஷம் பக்கத்து அறையில் உட்கார்ந்தவர்களுக்கு, அடுத்த வீட்டுச் சண்டை காதில் விழுவதுபோல அது விழும்.

சற்றுமுன் வேணுகோபால் காதில் விழுந்தது இது: தெற்கே மணியாச்சிக்கும் கடம்பூருக்கும் நடுவே பெருமழை, கரை சரிந்துவிட்டது. கரிசல் மண்ணின் குணம் அப்படி. கோடையில் கால் நுழைகிற அளவு வெடித்துக் கிடக்கும். மழைத் தண்ணீர் அந்த வெடிப்புக்குள் இறங்கியதும் மண் உப்பும், பிறகு குழைந்து சோறாகும். மேலே போட்டிருக்கிற கல்லையும் இழுத்துக்கொண்டு கரை நழுவிவிடும். தண்டவாளம் மட்டும் தொட்டில் கயிறு மாதிரி அந்தரத்தில் தொங்கும். திருநெல்வேலியிலிருந்து வரவேண்டிய எக்ஸ்பிரஸ் இனி இந்தப் பக்கம் வர வழியில்லை.

ஆனால் வண்டி ரத்து என்ற உத்தரவு இன்னும் வரவில்லை. உத்தரவு வராமல் வாய் திறக்கக் கூடாது. போன ஐப்பசியில் ஒருவருக்கு இரக்கப்பட்டு வண்டி வராது என்று முன்கூட்டிச் சொல்லப்போய், அவர் வீட்டுக்குத் திரும்பியபின் வண்டி தாமதமாக வந்து அவரை விட்டுவிட்டுப் போனது. வேணுகோபாலுக்கு மேலிடத்திலிருந்து மெமோ வந்தது. ஆகவே இப்போது அவர் பென்சில் சீவினார்.

"ஏட்டி தௌலத், டிக்கெட்ட எடு. அவியகிட்ட குடு" என்றார் செய்யது அலி.

"அவசரம் என்ன பாய்? அம்மாகிட்டயே இருக்கட்டும். என் கைக்கு வந்துட்டுன்னா அப்பவே ரத்து ஆனதா கணக்கு."

"அதுக்குத்தான சார்வாள் வந்திருக்கோம்! ரயில் ஓடுத வேகத்துல பாதியாவது ரயிலாபீஸ் ஓடப்படாதா?"

"ஏன் பாய், என் குடை மூணு வாரமா உங்க கடையில தூங்குது. நான் என்னைக்காவது சத்தம் போட்டேனா?"

செய்யது அலி குடைக் கம்பி திருநெல்வேலியிலிருந்து வரணும் என்று ஏதோ முணுமுணுத்தார்.

தௌலத் பேகம் கூடையைக் கீழே வைத்துவிட்டு வேணுகோபாலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த மனுஷர் எப்போதும் டிக்கெட்டை வாங்கிக் கீழே வைத்துவிட்டுத்தான் காக்க வைப்பார். இன்று கையே நீட்டவில்லை. அந்தக் காது வேறு அடுத்த அறையிலேயே இருக்கிறது. கழிவு கிடையாது என்று எதற்காக அவ்வளவு அழுத்திச் சொன்னார்?

அவள் கூடையில் கை விட்டாள். மகளுக்கு வாங்கிய கடலை மிட்டாய்ப் பொட்டலத்தை எடுத்து வெளியே வைத்தாள். குழந்தைக்குத் தைத்த சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து உதறி மடித்தாள். அடியிலிருந்து ஒரு கைக்குட்டை வந்தது. அதில் முடிச்சு.

"என்னட்டி முடிச்சு இது?"

"நீங்கதான போட்டீங்க. பூட்டுக்காரர் போட்ட முடிச்சு லேசுல அவுருமா?"

"இங்கன கொண்டா, நான் அவுக்கேன்."

"நகம் போயிரும், விடுங்க. கொஞ்சம் பொறுங்களேன்."

ஜன்னலுக்குள் வேணுகோபால் சிரிப்பை அடக்கப் பென்சில் முனையை ஊதினார். வெளியே பஸ் ஒரு முறை ஹாரன் அடித்தது.

"இந்தா பாரு" என்று குரலைத் தாழ்த்தினார் செய்யது அலி. "கழிவு போனாப் போவுது. வர்ற காசுல நீ மட்டும் போ. மதுரையில எங்க அக்கா மக நூருன்னிசா மாப்பிள்ள உன்ன ரயில்ல ஏத்தி விடுவான். நான் கடையைப் பாத்துக்கிட்டு ரெண்டு நாள் கழிச்சு வாரேன்."

தௌலத்தின் கை முடிச்சில் நின்றது. "வழியெல்லாம் பேசாம வந்தது இதுக்குத்தானா?"

"புள்ள உன்னத்தான தேடும்."

"அத்தா எங்கன்னு முதல்ல கேப்பா. நான் என்ன பதில் சொல்லட்டும்? குடை தைக்காருன்னா?" என்றவள் அவிழ்ந்த முடிச்சை மறுபடியும் இறுக்கினாள். "ரெண்டு பேரும்தான் போறோம். பேசாம நில்லுங்க."

இரண்டாவது ஹாரன். சுடலைக்கண்ணு ஓடிவந்து வாசலில் தலை நீட்டினான். "அண்ணாச்சி! டிரைவர் என்னைய வையுதாரு! துண்டுக்கு மேல ஒருத்தன் உக்காந்துட்டான், எழுப்பி விட்டுட்டு வந்திருக்கேன்!"

"தௌலத்!" என்று அதட்டினார் செய்யது அலி.

அப்போது அடுத்த அறையில் கருவி படபடவென்று பேசத் தொடங்கியது. வேணுகோபாலின் விரல் மேஜைமேல் எழுத்தெழுத்தாக அதைத் தொடர்ந்து போயிற்று. ஓசை நின்றது. நாற்காலி நகர்ந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் கையில் காகிதத்தோடு வந்து, சுவரிலிருந்த கரும்பலகையில் சாக்கட்டியால் எழுதினார்: எக்ஸ்பிரஸ் இன்று ரத்து.

"வண்டி வாயத் திறந்துட்டு பாய்!" என்று கத்தினார் வேணுகோபால். "அம்மா, கொண்டாங்க டிக்கெட்ட!"

கைக்குட்டை ஒரே இழுப்பில் அவிழ்ந்தது. செய்யது அலி மனைவியை வாய் பிளந்து பார்த்தார். வேணுகோபால் இரண்டு அட்டைகளையும் வாங்கி எண்ணைக் குறித்து, மேலே கோடு கிழித்து, கையெழுத்து வாங்கி, ஒரு காசு குறையாமல் பணத்தை வெளியே தள்ளினார். அத்தனையும் சுடலைக்கண்ணு ஒரு தும்மல் தும்மி முடிப்பதற்குள்.

"கூட்ஸ் மெயிலாயிட்டுல்லா!" என்றான் அவன்.

"எண்ணிப் பாத்துக்கிடுங்க" என்றார் வேணுகோபால்.

"எண்ண வேண்டாம் அண்ணாச்சி" என்றார் செய்யது அலி. தம் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். தௌலத் அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

ரயில் ஸ்டேஷன் வாசலைத் தாண்டித்தான் பஸ் திரும்ப வேண்டும். தெற்கே நின்ற மேகம் அதற்குள் ஊர்மேல் வந்துவிட்டது. முதல் தூறல் புழுதியில் பொட்டுப் பொட்டாக விழுந்தது. வேலை முடிந்து வேணுகோபால் வாசலில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய குடை செய்யது அலியின் பூட்டிய கடைக்குள் கம்பி ஒடிந்து கிடந்தது.

ஓடுகிற பஸ்ஸின் ஜன்னல் வழியே ஒரு கறுப்புக் குடை வெளியே நீண்டது.

"பிடிங்க அண்ணாச்சி! நான் வந்து உங்களுத தைக்கேன்!"

வேணுகோபால் நாலு எட்டு ஓடி அதைப் பிடித்தார். அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை.

"மெட்ராஸ்ல மழை பெஞ்சா?" என்று கேட்டாள் தௌலத்.

"நனைவோம்" என்றார் செய்யது அலி. "ரெண்டு பேருந்தான."