கண்ணாடிக்காரன் சாட்சி

என் மச்சான் அசன் மைதீனுக்கு இரண்டு கண்ணிலும் புரை எடுத்து லென்ஸ் வைத்தாயிற்று. இப்போது கண்ணாடி இல்லாமல் குர்ஆன் ஓதுகிறார், மீனில் முள்ளைத் தானே எடுக்கிறார். தூரத்தில்தான் கொஞ்சம் கலங்கல். அதற்கு ஒரு கண்ணாடி எழுதிக் கொடுத்தார்கள். மனுஷன் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, லேசர் லேசர் என்று எங்கள் உயிரை எடுத்தார். அக்காள் மாப்பிள்ளை ஆயிற்றே, பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப் போனேன்.

டாக்டர் மாதுரி பொறுமைசாலி.

"உள்ள வச்ச லென்ஸத் தொட மாட்டோம் அண்ணாச்சி. கருவிழி மேல லேசர் வச்சு மிச்ச பவரச் சரி பண்ணலாம். தூரம் நல்லாத் தெரியும். ஆனா இப்பம் கிட்டத்துல தெரியுதுல்லா, அது போயிரும். ஓதுததுக்குக் கண்ணாடி வேணும்."

"போனாப் போவுது."

"கொஞ்ச நாள் கண்ணு உலர்ந்து உறுத்தும். கண்ணாடிய மாட்டிக்கிட்டா இது ஒண்ணுமே வேண்டாமே. யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சாச்சும்மா."

பார்வை நன்றாக நிலைக்கட்டும் என்று நோன்புப் பெருநாளுக்குப் பிறகுதான் தேதி கொடுத்தார்கள். வரும் வழியெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்.

அவருக்கு வேண்டியது பிறை. நோன்பு இருபத்தொன்பது அன்று சாயங்காலம் பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள், தெரியாவிட்டால் முப்பதாவது நோன்பு. மேலப்பாளையத்தில் எங்கள் தெருப் பள்ளிவாசல் மாடியில் பிறை பார்ப்பதென்றால் அசன் மைதீன்தான். மேகத்துக்குள் நகக்கீறலாய்க் கிடந்தாலும் முதலில் அவர் விரல்தான் நீளும். ஊரே அந்த விரலைப் பார்த்துத்தான் பிறையைக் கண்டுபிடிக்கும். அந்தப் பெருமையை அவர் விடுவாரா?

கண்ணாடி போட்டுப் பார்த்தால் சாட்சி ஆகாது என்பது அவர் சட்டம். எந்த மார்க்கக் கிதாபிலிருந்து எடுத்தார் என்று யாரும் கேட்டதில்லை. எனக்குப் பள்ளிக்கூட வயதிலிருந்து சோடாப்புட்டிக் கண்ணாடி. இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு நோன்பு இருபத்தொன்பதில், மேகம் விலகிய ஒரு கணத்தில், நான் மட்டும் பிறையைப் பார்த்துவிட்டேன். சொன்னேன். "கண்ணாடி பாத்தத நீ பாத்ததாச் சொல்லாதலே" என்றவர், நான் காட்டிய பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். மறுநாள் சுற்று ஊரெல்லாம் பெருநாள், எங்கள் தெருவுக்கு மட்டும் முப்பதாவது நோன்பு. பெருநாளன்று நோன்பு பிடிப்பது கூடாது. நானும் பிடித்தேன். அந்தச் சிரிப்பு இன்றைக்கும் எனக்கு எரிகிறது.

இப்போது கண்ணாடி அவர் பையில். நான் விடுவேனா? பள்ளிவாசல் இமாம் ஹஜரத்திடம் போய்க் கேட்டு வந்தேன். கண்ணாடி போட்டுப் பார்த்தாலும் கண்தான் பார்க்கிறது, தாராளமாகச் சாட்சி சொல்லலாம் என்றார்.

"கேட்டியளா மச்சான்? லேசருக்கு அவசியமே இல்ல."

அவர் முகம் வெளுத்துவிட்டது. சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

"எனக்கு லேசர்தான்" என்று எழுந்து போய்விட்டார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நான் அக்காளிடம் சொல்லிச் சிரித்தேன். அக்காள் ஷரீபா பீவி சிரிக்கவில்லை.

"அவுக ராத்திரி சரியா ஒறங்குததே இல்லடா" என்றாள். "எதுக்குன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்காக."

இந்த வருஷ இருபத்தொன்பதிலும் மேகம். பள்ளிவாசல் மாடியில் நூறு பேர். மதார் என்று ஒரு இளவட்டம், எங்கள் தெருவில் நல்ல கண் அவனுக்குத்தான், ஒன்றும் காணவில்லை என்று கைவிரித்தான். அந்த நேரம் பார்த்து எனக்குத் தெரிந்தது. மேற்கே, வயல் கடைசியில் நிற்கும் பனைகளுக்கு மேலே, மெலிசாக.

"பாத்துட்டேன் ஹஜரத்."

"பெருநாள் பிறைக்கு ரெண்டு சாட்சி வேணும். வேற யாரு பாத்திய?"

எல்லோரும் பழக்கதோஷத்தில் மச்சான் பக்கம் திரும்பினார்கள். வெறுங்கண்ணால் வானத்தைத் துழாவிக்கொண்டிருந்தார். அவர் 'தெரியுது' என்று ஒரு சொல் சொன்னால் போதும், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். கண்ணாடியும் வேண்டாம், மானமும் மிஞ்சும்.

என்னைப் பார்த்தார். பையில் கைவிட்டுக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். நான் காட்டிய பக்கம் பார்த்தார்.

"இருக்கு" என்றார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, "கண்ணாடி போட்டுத்தான் பாத்தேன் ஹஜரத். ஆகுமா?"

"ஆகும்."

"எப்பவுமே ஆகுமா?"

"எப்பவுமே ஆகும்."

கீழே பெருநாள் தக்பீர் முழக்கம் தொடங்கிவிட்டது. எல்லோரும் ஒருவரையொருவர் தழுவிக்கொண்டு இறங்கினார்கள். மச்சான் மட்டும் மாடிக் கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி நின்றார். கூப்பிடப் போனேன். அழுதுகொண்டிருந்தார்.

"அந்த வருசம் தெருவையே பெருநாளும் அதுவுமா நோன்பு பிடிக்க வச்சுட்டேனேலே. கண்ணாடி கூடும்னு ஒத்துக்கிட்டா, அந்தப் பாவம் எம்மேலதான வரும்?"

ஏளனமாகச் சொல்ல இருபது வருஷமாகச் சேர்த்து வைத்த வார்த்தைகள் என்னிடம் இருந்தன. ஆனால் அவர்மேல் இரக்கம்தான் வந்தது.

"லேசருக்கு என்ன சொல்ல மச்சான்?"

"வேண்டாம்னு சொல்லிரு" என்றார். கண்ணைத் துடைக்கக் கண்ணாடியைக் கழற்றியவர், அதை என் கையில் கொடுக்காமல் திரும்ப மாட்டிக்கொண்டு, "அந்த வருசம் நீ பிறைய எங்கன பாத்தலே? எனக்குக் காட்டு" என்றார்.

மேகம் மூடியிருந்த வெறும் வானத்தில் நான் கை நீட்டிக் காட்டினேன். அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.