திங்கட்கிழமைக்குள் தூக்க வேண்டிய கை

ஏணி வழுக்கியபோது வலது கையால் சாரத்தைப் பிடித்துத் தொங்கினேன். அதில் தோளின் தசைநார் கிழிந்துவிட்டது. ஏழு வாரமாக பிசியோதெரபி. நான் பெயிண்டர், சீலிங் அடிக்கத்தான் என்னைக் கூப்பிடுவார்கள். ஒரு பெரிய மண்டபம் காத்திருக்கிறது. மேஸ்திரி முடிவாகச் சொல்லிவிட்டார்: "திங்கக்கிழமை வா, நெட்டை. கையைத் தலைக்கு மேல தூக்கிக் காட்டு. இல்லன்னா வேற ஆளு."

கை நெஞ்சு உயரத்தோடு நின்றுவிடும். வெள்ளிக்கிழமை பிசியோ கிளினிக்கில் உடம்பைச் சாய்த்து, தோளைக் காதுவரை ஏற்றிப் பார்த்தேன். பிசியோ பெண் என் தோள்பட்டையில் உள்ளங்கையை வைத்து, தோள் ஏறாமல் தடுத்தாள். கை அங்கேயே நின்றது.

"அண்ணா, இது கை தூக்குறதில்ல. என்னை ஏமாத்துறது."

"ஒரே இழுப்பா இழுத்து விட்டுடுங்களேன், டாக்டர்."

"கொஞ்சம் கொஞ்சமாத்தான் இளகும். வலிச்சா நிறுத்திடணும். வீட்டுல விரல் நடை மட்டும் செய்யுங்க."

விரல் நடை என்றால், சுவரைப் பார்த்து நின்று விரல்களை எறும்புபோல மேலே ஏற்றுவது. எட்டிய இடத்தில் ஒரு பென்சில் கோடு. ஐந்து நாளாகக் கோடு ஒரே இடத்தில்தான் விழுந்தது. எத்தனை சுவருக்குப் பெயிண்ட் அடித்திருப்பேன்! இந்த ஒரு சுவர் என்னை ஒரு சாண் மேலே விடமாட்டேன் என்றது.

சனிக்கிழமை காலை என் புத்தி துருப்பிடித்த கீல் பக்கம் போனது. இறுகிப்போன கதவைப் பலமாகத் தள்ளினால் திறக்காதா? மனைவியைக் கூப்பிட்டேன்.

"முழங்கையைப் பிடிச்சு மேல தள்ளு."

"எனக்கு நடுங்குதுங்க."

"உனக்கு எதுக்கு நடுங்குது? கை என்னுது. தள்ளுடி!"

தள்ளினாள். உள்ளே பழைய துணி கிழிவதுபோல் ஒரு சத்தம். நான் சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டேன்.

மதியம் பிசியோ பெண் என் சட்டையைக் கழற்றி மனைவியிடம் கொடுத்து, என்னை மேசையில் படுக்க வைத்தாள். மணிக்கட்டைத் தாங்கி மெல்லத் தூக்கினாள். ஒரு சாண்கூட ஏறவில்லை.

"யார் செஞ்சது?"

நான் சீலிங்கைப் பார்த்தேன். மட்டமான வேலை, ரோலர் தடம் தெரிந்தது.

"நான்தான் டாக்டர்," என்றாள் மனைவி. "இவர் தள்ளுன்னார், தள்ளிட்டேன். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்."

"மறுபடி ஸ்கேன் எடுக்கணும். அதுவரைக்கும் இந்தக் கை ஒண்ணையும் தூக்கக் கூடாது. தண்ணி டம்ளரைக்கூட."

அப்போது மனைவியின் மடியில் கிடந்த சட்டைக்குள் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தாள்.

"மேஸ்திரி."

"கொடு, நான் பேசுறேன். வரேன்னு சொல்லணும்."

"அசையாதீங்க அண்ணா," என்றாள் பிசியோ பெண்.

மனைவி போனோடு ஜன்னல் பக்கம் போய்விட்டாள். "அண்ணே, இவர் திங்கக்கிழமை வரமாட்டார். இந்த மாசமே வரமாட்டார்... ஆமாண்ணே. வேற ஆளைப் போட்டுக்குங்க."

எழுந்திருக்கப் பார்த்தேன். இரண்டு உள்ளங்கைகள் என் தோளைப் பிடித்திருந்தன. கனமே இல்லாத பிடி. அதை உதற என்னால் முடியவில்லை.