ஃபோனில் வந்த வலிப்பு

ஃப்ளூ ஊசி போட்ட மூணாம் நாள் மெர்வுடைய ஃபோனுக்குக் கிளினிக் கம்ப்யூட்டரிலிருந்து மெசேஜ் வந்தது: ஊசிக்குப் பிறகு ஏதாவது தொந்தரவு உண்டா?

"ஊசியும் போடுவானுங்க, என்னாச்சுன்னு நம்மகிட்டயே கேப்பானுங்க," என்றான் மெர்வ், நாயிடம். எழுபத்தாறு வயசு. பண்ணையில் அவனும் நாயும்தான்.

ஆஸ்திரேலியாவின் அந்தக் கோதுமைக்காட்டு ஆட்களுக்கு வெறுமனே 'இல்லை' என்று சொல்ல வராது. "யா, நா" என்பார்கள். நீ கேட்டது காதில் விழுந்தது, ஆனால் இல்லை என்று அர்த்தம். மெர்வ் பேசுகிற மாதிரியே அடித்தான். கம்ப்யூட்டர் முதல் வார்த்தையோடு நிறுத்திக்கொண்டது. யா என்றால் ஆமாம்.

காய்ச்சலா? யா, நா. வலிப்பா? யா, நா. நினைவு தப்பியதா? யா, நா. இன்னும் திரும்பவில்லையா? யா, நா.

வெள்ளிக்கிழமை டிரைவிங் லைசென்ஸ் தாளில் கையெழுத்து வாங்கக் கிளினிக்குக்குப் போனான். அந்த வயசுக்கு வருஷா வருஷம் டாக்டர் தாள் வேண்டும். லைசென்ஸ் போனால் பண்ணையை விற்றுவிட்டு முதியோர் இல்லத்துக் கஞ்சிதான்.

நர்ஸ் ரோண்டா முப்பது வருஷப் பழக்கம். அவனைப் பார்த்ததும் கத்தினாள். "யோவ்! நீ மயங்கிக் கிடக்கிறதா இங்க காட்டுது!"

"கிடந்தா எப்படிடி வண்டி ஓட்டிட்டு வருவேன்?"

"அதான் பயமா இருக்கு," என்றார் டாக்டர் லியோங். சிங்கப்பூரிலிருந்து வந்து ஒரு மாசம்தான். "வலிப்பு வந்தவருக்கு நான் கையெழுத்துப் போட முடியாதுங்க. நிஜமா வந்துச்சா?"

"யா, நா."

டாக்டர் பேனாவை மூடினார்.

"ஐயோ, அது இல்லைன்னு அர்த்தம் டாக்டர்!" ரோண்டா கம்ப்யூட்டரைத் தன் பக்கம் இழுத்துத் திருத்தப் பார்த்தாள். மயக்கத்தில் இருப்பவரின் திருத்தம் ஏற்கப்படாது, நெருங்கிய உறவினர் பதில் தரவும் என்றது.

"யாருய்யா இருக்கா உனக்கு?"

"நாய்."

"அதுக்குப் பிறந்த தேதி கேக்குதே."

மெர்வ் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். ஊசி குத்தியபோதுகூட அவன் முகம் அப்படிச் சுண்டவில்லை.

ரோண்டா அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, உறவு என்ற கட்டத்தில் 'மனைவி' என்று அடித்தாள்.

"என்னைக் கேக்காமலா?"

"நீதான் மயக்கத்துல கிடக்கியே. வாயை மூடு."

கம்ப்யூட்டர் ஏற்றுக்கொண்டது. வலிப்பு போயிற்று, மயக்கம் தெளிந்தது. டாக்டர் அவன் கண்ணையும் காலையும் பரிசோதித்துக் கையெழுத்துப் போட்டார். புது மாப்பிள்ளைக்கு வாழ்த்தும் சொன்னார்.

மெர்வ் தாளைச் சட்டைக்குள் திணித்தான். "இதை ரத்து பண்ண என்ன செய்யணும்?" என்று ரோண்டாவிடம் கேட்டான்.

"எதை? லைசென்ஸையா?"

அவன் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடியே போனான்.