அக்கா பழகிக்கொண்ட சொல்

"லீவ் லெட்டர் ஒண்ணு அடிச்சுக் குடுடா" என்று அக்கா வந்து எழுப்பியபோது மதியம் இரண்டு மணி. இரவு வேலைக்காரனுக்கு அது நடுச்சாமம். ஜன்னலில் நான் ஒட்டியிருந்த கறுப்புத் தாளின் ஓரத்தை அவளே உரித்து வெளிச்சத்தை உள்ளே விட்டாள்.

கல்லூரியைப் பாதியில் விட்டவன் நான். டாக்டர்கள் பேசி அனுப்பும் நோயாளிக் குறிப்புகளைக் கேட்டுத் தட்டச்சு செய்வது என் வேலை. நீளமான சொற்களுக்கெல்லாம் மூன்றெழுத்துச் சுருக்கம் உண்டு. எம், பி, டி என்று தட்டினால் 'மோரிபண்ட்' தானாக விரியும். நூறு முறையாவது விரித்திருப்பேன். எழுத்துப் பிழை வந்தால்தான் திட்டு. அர்த்தத்தை அங்கே யாரும் கேட்பதில்லை. வீட்டிலோ எனக்கு டாக்டருக்கு அடுத்த இடம்.

அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த நான்காம் நாள் காலை, அக்கா கேஸ் ஷீட்டைப் படமெடுத்து அனுப்பிவிட்டுக் கூப்பிட்டாள். "அதுல மோரிபண்ட்னு இருக்கே, அப்படின்னா என்னடா?" அப்போதுதான் வேலை முடிந்து படுத்திருந்தேன். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். தேடிப் பார்க்க அரை நிமிடம்கூட ஆகாது.

"ரொம்பக் களைச்சுப் போயிருக்கார்னு அர்த்தம். நீ வீட்டுக்குப் போய்த் தூங்குக்கா."

மூன்று இரவுகள் நாற்காலியிலேயே இருந்தவள். நம்பிப் போய்த் தூங்கினாள். அப்பா பதினொரு மணிக்குப் போய்ச் சேர்ந்தார். அவள் பெயரை இரண்டு தடவை கூப்பிட்டாராம். பக்கத்துக் கட்டில்காரர் சொன்னார்.

எல்லாம் முடிந்த பிறகுதான் அகராதியைப் பார்த்தேன். சாகும் தறுவாயில் இருப்பவர்.

அக்கா பார்க்கவில்லை. அவளுக்கு அப்பா திடீரென்று போனவர். ஆனால் அந்தச் சொல் மட்டும் அவளுக்குப் பிடித்துப்போயிற்று. துணி துவைத்துவிட்டு வந்து "நான் இன்னிக்கு மோரிபண்ட்டுடா" என்பாள். சோபாவில் தூங்கி வழியும் அத்தானைக் காட்டி, "பாரு, மோரிபண்ட் மகாராஜா" என்பாள். நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

கம்ப்யூட்டரைத் திறந்தேன். "என்ன காரணம் போடணும்?"

"நாலு நாளா ஓவர்டைம். உடம்பு முடியல."

"டயர்டுன்னு போடறேன்."

"அதைத்தான் ஊரே போடுதே. நம்ம வார்த்தையைப் போடு. புது மேனேஜர் பெரிய படிப்பு படிச்சவராம், அசந்து போகட்டும்."

"வேணாம்க்கா."

"ஏன்டா?"

பின்னால் நின்று என் தலைமுடியைக் கலைத்தாள். "நீ சொல்லிக் குடுத்ததுதானே? ஓசியில கேட்டா கசக்குதா?"

எம், பி, டி. சொல் விரிந்தது.

அவள் குனிந்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். பாத்திரம் கழுவிவிட்டு வந்த விரல். "அப்பா ஷீட்ல இருந்த அதேதான்" என்று திரையைத் தொட்டாள். "அனுப்புடா."

விரலை எடுத்துக்கொண்ட பிறகும், அந்தச் சொல்லின் மேல் ஒரு சொட்டு ஈரம் நின்றது. பிறகு மெல்ல இறங்க ஆரம்பித்தது.