இடப்பக்கம் விழுந்த பள்ளம்

மெக்கானிக் அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. இந்த மலைச் சைக்கிளுக்கு முன்சக்கரத்தைப் பிடிக்கும் புது ஃபோர்க்கும், ஹேண்டில் திரும்பும் கழுத்தில் புது ஹெட்செட் பேரிங்கும் போட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை. அன்று வெண்ணெய் மாதிரி திரும்பிய ஹேண்டில், இன்று இடப்பக்கம் போனதும் சிக்கிக்கொண்டு நின்றது.

“எந்தப் பாறையில கொண்டுபோய் இடிச்சீங்க?”

“யாருமே ஓட்டலைக்கா. தம்பி தவறினதுலேர்ந்து, இங்க கொண்டுவந்த நேரம் தவிர, அது என் ரூம்லயேதான் நிக்குது,” என்றான் சைக்கிளைக் கொண்டுவந்த அண்ணன்காரன்.

“என் காதுல பூ சுத்தாதீங்க.”

சொல்லிவிட்டு டயரைப் பார்த்தாள். போன வாரம் துடைத்தது துடைத்தபடி இருந்தது. ஒரு பொட்டு மண் இல்லை.

பேரிங்கைக் கழற்றினாள். குண்டுகள் உருளும் பாதையில் வரிசையாகப் பள்ளங்கள். வருஷக்கணக்கில் மேடு பள்ளத்தில் இடி வாங்கினால்தான் இப்படி விழும். அதுவும் ஹேண்டில் நேராக இருக்கும் நிலையில்தான் விழும். இது இடப்பக்கம் திருப்பி வைத்து இடித்த பள்ளம். கழற்றிப்போட்ட பழைய பேரிங்கைக் குப்பை டப்பாவிலிருந்து தேடி எடுத்தாள். அதிலும் அச்சு அசலாக அதே பள்ளங்கள்.

“தம்பி எப்படித் தவறினாரு?”

“இறக்கத்துல ஹேண்டில் லூஸாயிடுச்சு.” அவன் குரல் தேய்ந்தது. “அன்னைக்குக் காலையில நான்தான் டைட் பண்ணிக் குடுத்தேன்.”

அக்கா பேரிங்கை மெல்லக் கீழே வைத்தாள்.

“உங்க ரூம்ல, சைக்கிளுக்கு இடப்பக்கம் என்ன இருக்கு?”

“என் கட்டில்.”