நிறைவேற்றப்பட்டது

திங்கட்கிழமை காலை எம்.எல்.ஏ. அலுவலகத்தில் இருந்தவர்கள்: உதவியாளர் பக்தவச்சலம், கணினி முன்னால் நான், மனுவோடு ஒன்பது பேர், காசிமேட்டில் மீன் விற்கும் கெங்கம்மா, இரண்டு மூட்டையும் ஒரு கேஸ் அடுப்புமாக. எம்.எல்.ஏ. இல்லை. பதினோரு மணிக்கு டி.வி.க்காரர்களோடு வருவதாக இருந்தது.

“சாவி குடு நைனா,” என்றார் கெங்கம்மா.

“இன்னா சாவி?” என்றேன்.

போனை நீட்டினார். எங்கள் அலுவலகம் அனுப்பிய குறுஞ்செய்தி. ‘வாரியக் குடியிருப்பில் வீடு கேட்ட தங்கள் கோரிக்கை நிறைவேற்றப்பட்டது. நன்றி.’

அதை எழுதியவன் நான். மனுவைத் துறைக்கு அனுப்பிவிட்டால் எங்களைப் பொறுத்தவரை வேலை முடிந்தது. முதலில் ‘அனுப்பப்பட்டது’ என்றுதான் போட்டேன். என்ன ஆயிற்று என்று கேட்டு தினமும் இருபது பேர் வந்து நின்றார்கள். சொல்லை மாற்றினேன். கூட்டம் குறைந்தது. பக்தவச்சலம் பிரியாணி வாங்கிக் கொடுத்தார். சாப்பிட்டேன்.

“வாடகை வூட்ட காலி பண்ணிட்டேன். நேத்தே அங்க வேற ஆளு வந்து பால் காச்சிட்டாங்க,” என்றார் கெங்கம்மா.

வரிசையிலிருந்த ராசையா சிரித்தார். “எனக்கும்தான் வந்துச்சு யக்கா, நெறவேறிடுச்சுன்னு. சாக்கட இன்னும் வாசல்லதான் ஓடிகினு கீது. இத போய் நம்பிகினு வந்துகீற!”

“உன் சாக்கடையும் என் வூடும் ஒண்ணாடா?”

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் செய்தியை நம்பியவர் இவர் ஒருவர்தான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மற்றவர்கள் எங்களை எப்போதோ கைகழுவிவிட்டார்கள்.

பக்தவச்சலம் என் காதருகே குனிந்தார். “கேமரா வர்ற நேரம். மூட்டையோட குந்திகினா நாறிடும். பின்பக்கமா கூட்டினு போ.”

“இன்னா சொல்லி?”

“நீதானே வார்த்தைல கெட்டிக்காரன்.”

உண்மையைச் சொல்லியிருக்கலாம். வீடு ஒதுக்கவில்லை, தப்பு என்னுடையது. இவ்வளவுதான்.

“வாக்கா, சாவி பின்னாடி தர்றாங்க,” என்றேன்.

அடுப்பை நான் தூக்கிக்கொண்டேன். மூட்டைகளோடு பின்னால் வந்தார்.

“எத்தினியாவது மாடி நைனா? முட்டி வலி தாங்கல.”

“கீழ் வூடுதான்க்கா.”

“நல்லா இருப்ப,” என்றார்.

பின்சந்தில் அடுப்பை இறக்கி வைத்தேன். அவர் அதன் பக்கத்தில் மூட்டைகளை அடுக்கிவிட்டு, சாவி கொடுக்கும் ஆள் எந்தப் பக்கமிருந்து வருவார் என்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே வந்து கதவைச் சாத்திப் பூட்டினேன்.